போகாத செய்திக்குக் கொடுத்த துண்டுச் சீட்டு

போன வாரம், என்னிடம் வேலை பழகிய நீங்கள் எல்லோரும் சேர்ந்து வீடியோ அழைப்பில் என்னைப் பிடித்துக்கொண்டீர்கள். "மிஸ், கதைய மாத்தாதீங்க. பி.டபிள்யூ.ஏ. செய்யிறதுக்கு எந்த ஸ்டாக் நல்லதுன்னு ஒரே வார்த்தையில சொல்லுங்க" என்று கேட்டீர்கள். நான் பண்டாரவளைக் குளிரைப் பற்றியும் என் முழங்கால் வலியைப் பற்றியும் பேசித் தப்பித்துக்கொண்டேன். ஓய்வு பெற்றவளுக்கு அந்த வசதி உண்டு. ஆனால் அழைப்பை வைத்த பிறகு மனசு கேட்கவில்லை. எந்தக் கருவிகளைக் கொண்டு எழுதுவது என்பதை ஒரே வார்த்தையில் சொல்ல எனக்குத் தெரியாது, ஒரு கதையாகச் சொல்லத் தெரியும். அதை எழுதி அனுப்புகிறேன். வாசிக்கப் பொறுமை இல்லாதவர்கள் இணையத்தில் ஒப்பீட்டு அட்டவணைகளைப் பார்த்துக்கொள்ளலாம். அங்கே எல்லாமே நல்லதாகத்தான் இருக்கும்.

அப்போது எங்கள் ஒபிஸ் பதுளை டவுனில் ஒரு புடவைக் கடையின் மேல்மாடியில் இருந்தது. படியேறும்போது புதுத் துணியின் கஞ்சி வாசனையும் கூடவே ஏறிவரும். கீழே கடை நடத்திய குடும்பத்துக்குப் பூர்வீகம் இந்தியா. தீபாவளிக்கு எங்களுக்கு முறுக்கும் அதிரசமும் அனுப்புவார்கள், மற்ற நாட்களில் நாங்கள் சத்தம் போட்டால் கீழிருந்து கம்பால் சீலிங்கைத் தட்டுவார்கள். தட்டு வாங்காத நாள் குறைவு. பதுளை கடைசி ஸ்டேஷன் என்பதால் அங்கே வரும் ரயிலுக்கு அவசரம் கிடையாது. பின்னேர ரயிலின் சத்தம் கேட்டால் நாங்கள் கணினியை விட்டு எழுந்து பிளேன்டீயும் கட்டைச் சம்பலோடு ரொட்டியும் சாப்பிடப் போவோம். இருந்தது மூன்றே மூன்று மேசை. பிறகு எத்தனையோ பெரிய கண்ணாடிக் கட்டடங்களில் உட்கார்ந்துவிட்டேன். அந்த மூன்று மேசைகளை நினைக்கும்போது வரும் ஏக்கம் வேறெதை நினைத்தும் வருவதில்லை.

ஒரு மேசை என்னுடையது. இரண்டாவது ஃபாரிஸுடையது. பண்டாரவளையில் அவருடைய வாப்பாவுக்குப் பாத்திரக் கடை. கடையில் உட்காரப் பிடிக்காமல் கொம்பியூட்டர் படித்தவர். என் வயதுக்காரர். இணையப் பக்கம் எழுத ஓர் எடிட்டரும் ஒரு பிரவுசரும் போதும், மற்றதெல்லாம் ஆடம்பரம் என்பது அவருடைய கட்சி. மூன்றாவது மேசை தினேஷுக்கு. நமுனுகுல மலைப்பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்த பையன். படிப்பை முடித்துவிட்டு வந்து சேர்ந்தவன். கை வேகம் என்றால் அப்படி ஒரு வேகம். நான் ஒரு வேலையை விளக்கி முடிப்பதற்குள் அதில் பாதியை முடித்திருப்பான். அந்த வேகத்தைப் பார்த்து எனக்கு எரிச்சலும் வரும், பெருமையும் வரும்.

வெலிமடை மரக்கறி வியாபாரிகளுக்கு விலைப் பலகை, பஸ் கொம்பனிக்கு நேர அட்டவணை என்று சில்லறை வேலைகள் செய்துகொண்டிருந்த எங்களுக்கு ஒரு நாள் பெரிய வேலை ஒன்று வந்தது. தோட்டங்களில் தாய்மார் நலனுக்காக இயங்கும் ஒரு தொண்டு நிறுவனம், தினேஷின் தோட்டம் இருக்கும் மலைக்கு ஒரு வேன் வாங்கிக் கொடுத்திருந்தது. தோட்டத்தின் மேல் பகுதியான மேல் டிவிசன் லயங்களில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி வந்தால், வீட்டார் போனில் ஒரு பொத்தானை அமுக்க வேண்டும். கோரிக்கை வேன் சாரதியின் போனுக்குப் போகும், வேன் வந்து ஏற்றிக்கொண்டு பதுளை ஆஸ்பத்திரிக்குப் போகும். எங்களிடம் கேட்டது அந்தப் பொத்தானைத்தான்.

ஸ்டோரில் இருந்து இறக்கும் செயலி சரிவராது. போன்களில் இடமிருக்காது, டேட்டாவும் இருக்காது. ஓர் இணைப்பை அனுப்பினால் திறக்கிற இணையப் பக்கமாக இருக்க வேண்டும். ஒரு தடவை திறந்துவிட்டால் போனிலேயே தங்கி, சிக்னல் இல்லாத இடத்திலும் திறக்க வேண்டும். நீங்கள் பி.டபிள்யூ.ஏ. என்கிறீர்களே, அதுதான். தமிழில் யாரோ அதை முற்போக்கு வலைச்செயலி என்று எழுதியிருந்ததைப் பார்த்துவிட்டு ஃபாரிஸ், "இவங்க எந்தக் கட்சியில எலெக்சன் கேக்கிறாங்க?" என்றார்.

அதன் பிறகு தொடங்கியது சண்டை. தினேஷுக்கு ரியாக்ட் என்ற கருவி வேண்டும். ஏன் என்று கேட்டேன். மழுப்பாமல் சொன்னான்.

"மிஸ், வேலையும் சீக்கிரம் முடியும். அதோட கொழும்புல எங்க போனாலும் அதத்தான் கேக்குறாங்க. எனக்கும் நாளைக்கு ஒரு வழி வேணும்ல."

அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது. ஸ்டாக் தெரிவு செய்யும்போது அதை எழுதப்போகிறவனின் நாளைய சோற்றையும் நினைக்க வேண்டும். அட்டவணைகளில் அதற்கு ஒரு கட்டம் இருக்காது. ஃபாரிஸோ வெறும் ஜாவாஸ்கிரிப்ட் தவிர வேறொன்றையும் தொட மாட்டேன் என்று நின்றார். சத்தம் கூடி, கீழே இருந்து கம்புத் தட்டு வந்தது.

பேசிப் பயனில்லை என்று நான் பஜாரில் போன் திருத்தும் கடைக்குப் போய், ஒரு பழைய போனை வாங்கி வந்தேன். கண்ணாடி கீறியிருந்தது. முன்னைய சொந்தக்காரர் அதில் சினிமாப் பாட்டுகளையும் தேர்த் திருவிழா வீடியோக்களையும் இடமில்லாமல் நிரப்பி வைத்திருந்தார். எதையும் அழிக்கக் கூடாது, லயத்துப் போன் இப்படித்தான் இருக்கும் என்று சொல்லி, இருவரும் செய்த மாதிரிகளை அதில் திறந்து பார்த்தோம். தினேஷுடையது வெள்ளைத் திரையாக நின்றது. நான் பிளேன்டீயைக் குடித்து முடித்த பிறகுதான் பொத்தான் வந்தது. அது ரியாக்டின் குற்றமில்லை, அதன் தலையில் தினேஷ் ஏற்றியிருந்த மூட்டைகளின் குற்றம். ஃபாரிஸுடையது உடனே திறந்தது. ஆனால் அதன் உள்ளே போய்ப் பார்த்தால் ஃபாரிஸைத் தவிர வேறொருவருக்கும் வழி தெரியாது. அவர் காய்ச்சல் என்று இரண்டு நாள் படுத்தால் வேலையும் கூடவே படுத்துவிடும்.

கடைசியில் நான் ஸ்வெல்ட் என்ற மூன்றாவது கருவியைத் தெரிவு செய்தேன். எழுதுவது ஓர் ஒழுங்கில் இருக்கும், போனுக்குப் போய்ச் சேருவது சின்னதாக இருக்கும். இன்னொரு காரணமும் உண்டு. அது இருவருக்கும் பிடிக்கவில்லை. ஒருவருக்குப் பிடித்ததை எடுத்தால் மற்றவர் ஆயுள் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். இருவருக்கும் பிடிக்காததை எடுத்தால் இருவரும் ஒற்றுமையாக என்னைத் திட்டுவார்கள், வேலை நடக்கும். அப்படியே நடந்தது. தினேஷுக்கு மட்டும் ஒரு வாக்குக் கொடுத்தேன், அடுத்த வேலை ரியாக்டில் என்று. அதைக் காப்பாற்றவும் செய்தேன்.

இனி, நீங்கள் அறிந்துகொள்ள வேண்டிய இடத்துக்கு வருகிறேன்.

தோட்டத்தில் துண்டு என்றால் என்னவென்று உங்களில் பலருக்குத் தெரியாமலிருக்கலாம். தோளில் போடும் துண்டைச் சொல்லவில்லை, துண்டுச் சீட்டைச் சொல்கிறேன். மருந்துக்குப் போனாலும் துண்டு, கூரைத் தகரம் கேட்டாலும் துண்டு, பிள்ளைத்தாய்ச்சியை ஏற்ற லொறி வேண்டுமென்றாலும் தோட்டத்து ஒபிஸில் கிளாக்கரிடம் ஒரு துண்டு வாங்க வேண்டும். அதை வாங்குவதுதான் பாடு. கையில் வந்துவிட்டால் கவலை தீர்ந்தது. எழுதிக் கொடுத்தவருக்கு அது பொறுப்பு, லொறி எப்படியும் வரும். துண்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு காத்திருப்பது மட்டும்தான் மிச்ச வேலை. அப்பன் பாட்டன் காலத்திலிருந்து இது லயத்து மனிதர்களின் இரத்தத்தில் ஊறிய பழக்கம்.

லயத்தில் பிறந்த தினேஷுக்கு இது எங்களைவிட நன்றாகத் தெரியும். அதனால்தான் அவனுக்கு அந்த யோசனை வந்தது. பொத்தானை அமுக்கியவுடன் திரையில் ஒரு துண்டு வரவேண்டும் என்றான். மஞ்சள் கடதாசி நிறம், ஓரத்தில் கிழித்த மாதிரி ஒரு கோடு, நடுவில் வட்டமான பச்சை முத்திரை, அதன் கீழே 'வேன் கோரிக்கை ஏற்கப்பட்டது'. முத்திரை விழும்போது டக் என்று ஒரு சத்தம்கூட வைத்தான்.

"எங்க ஆளுகளுக்குப் போன்ல வர்ற எழுத்து மேல நம்பிக்கை வராது மிஸ். துண்டு மாதிரி இருந்தாத்தான் மனசு ஆறும்."

பார்த்த எங்கள் எல்லோருக்கும் பிடித்துவிட்டது. எதையும் பாராட்டாத ஃபாரிஸே, "இது வேலை" என்றார். எந்த டூல் என்று கூரையே அதிரும்படி சண்டை போட்ட நாங்கள், அந்தத் துண்டை ஒரு பிளேன்டீ ஆறுவதற்குள் ஏற்றுக்கொண்டோம்.

வெள்ளோட்டத்துக்கு மலையடிவாரத்துச் சந்திக்குப் போனோம். ஒரு சில்லறைக் கடையின் பின்னறையை எங்களுக்கு ஒதுக்கித் தந்தார்கள். கடை வாசலில் வேன் நிற்கும். சாரதி சுனில் அண்ணன் சிங்களவர், தோட்டத்துப் பக்கமே வாழ்ந்ததால் தமிழ் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. பின்னறையில் எங்கள் கணினித் திரையில், மலையில் எந்த டிவிசனில் யார் செயலியைத் திறந்தாலும் ஒரு புள்ளி விழும். பிள்ளைகள் விளையாட்டுக்குத் திறப்பார்கள், புள்ளி விழும். பொத்தானை மட்டும் தொடக் கூடாது என்று எல்லோருக்கும் சொல்லி வைத்திருந்தோம். இரண்டு உண்மையான கோரிக்கைகளும் வந்தன. வேன் போய் ஏற்றி வந்தது. லயமெல்லாம் தினேஷின் பேர்தான். தன் தோட்டத்துப் பிள்ளை செய்தது என்று அவனைப் பிடித்துக் கன்னத்தில் தட்டிவிட்டுப் போனவர்களைப் பார்த்து எனக்கே கண் கலங்கியது.

அவனுடைய தங்கச்சி கலா மேல் டிவிசனில்தான் இருந்தாள். இரண்டாவது பிள்ளைக்கு மாசமாக இருந்தாள். முதல் பிரசவத்தில் இரத்தம் நிற்காமல் போய்ப் பிழைத்ததே பெரிய காரியம். இந்த முறை வலி எடுத்தவுடன் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும், தாமதிக்கவே கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்தார். அவள் புருஷன் ராஜு கொழுந்து லொறியில் வேலை செய்பவன். மச்சான் செய்த செயலி தன் போனில் இருக்கிறது என்பதில் அவனுக்கு அப்படி ஒரு பெருமை.

அந்த நாள் காலையில் இருந்தே மழை. பகல் சாப்பாட்டுக்குப் பிறகு மலையில் கரண்ட் போய்விட்டது என்று கடைக்கு வந்த யாரோ சொன்னார்கள். மழை பெய்தால் கரண்ட் போவது புதினமில்லை. பின்னேரம் ஆனது. கோரிக்கை ஒன்றும் இல்லை. ஃபாரிஸ் கதிரையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். சுனில் அண்ணன் வேனுக்குள் பேப்பர் வாசித்தார். நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கீழ் டிவிசனில் புள்ளிகள் விழுந்துகொண்டிருந்தன. மேல் டிவிசனில் பகலிலிருந்து ஒரு புள்ளியும் இல்லை.

"தினேஷ், மேல ஏன் சத்தத்தையே காணோம்?"

"பிரச்சினை ஒண்ணும் இல்லேன்னு அர்த்தம் மிஸ். நல்லதுதானே."

எனக்குச் சுள்ளென்று வந்தது. வீட்டில் பிள்ளைகள் சத்தமில்லாமல் இருந்தால் எட்டிப் பார்க்க வேண்டும் என்பது எந்தத் தாய்க்கும் தெரியும். மழை நாள், வேலை நேரத்தோடு முடிந்திருக்கும், எல்லோரும் லயத்தில் இருப்பார்கள். அப்படிப்பட்ட நேரத்தில் போனைத் தொடாமல் ஒரு டிவிசனே இருக்காது.

"மேல போன் டவர் வேலை செய்யாம நின்னிருக்கும். கரண்ட் இல்ல, டவர் பேட்டரியும் தீர்ந்திருக்கும். இப்ப ஒரு ஆள் பொத்தான அமுக்கினா என்ன நடக்கும்?"

"அப்பிடியே போனுக்குள்ள வரிசையில நிக்கும் மிஸ். சிக்னல் வந்தோன்ன தானாப் போயிரும். யாரும் மறுபடி அமுக்கத் தேவையில்ல." அதைப் பாடம் ஒப்பிப்பதைப் போலச் சொன்னான். அவன் சொன்னதில் பிழையில்லை. அந்த வசதிக்காகத்தானே பி.டபிள்யூ.ஏ. என்று போனோம்.

"சரி. அது போகிற வரைக்கும் திரையில என்ன தெரியும்?"

அவன் பதில் சொல்ல வாயைத் திறந்தான். அவன் முகத்தில் இருந்து இரத்தம் இறங்குவதை நான் பார்த்தேன்.

"துண்டு" என்றான். பிறகு, "மிஸ், கலாவுக்கு நாள் நெருங்கிருச்சு" என்றான்.

அவளுக்குப் போன் போட்டான், ராஜுவுக்குப் போட்டான். இரண்டுக்கும் அந்தப் பெண் குரல்தான், தொடர்புகொள்ள முடியாது என்று. நான் எழுந்து வேனுக்குப் போனேன். சுனில் அண்ணன் பேப்பரை மடித்தார், ஆனால் சாவியைத் தொடவில்லை.

"கோரிக்கை ஒண்ணும் வரல்லியே மிஸ். இருக்கிறது இந்த ஒரு வேன்தான். நான் சும்மா மேல போன நேரம் பார்த்து கீழ் டிவிசன்ல ஒரு பொம்பளைக்கு வலி வந்தா யாரு பதில் சொல்றது?"

அவர் கேட்டது நியாயம். இதைத்தான் உங்களுக்கு அழுத்திச் சொல்கிறேன்: நெருக்கடியில் உங்களைத் தடுக்கிறவர்கள் அநேகமாக முட்டாள்கள் இல்லை. அவர்களிடமும் ஒரு நியாயம் இருக்கும். என்னிடம் அப்போது ஆதாரம் என்று ஒன்றும் கிடையாது. வெறும் திரை, அதில் இல்லாத புள்ளிகள். வேனை அனுப்பி, அங்கே ஒன்றுமில்லாமல், கீழே ஓர் உயிருக்கு ஆபத்தென்றால் அதை நான் சாகும்வரை சுமக்க வேண்டும்.

"அண்ணன், கீழ் டிவிசன்ல அமுக்கினா நமக்குத் தெரியும். மேல அமுக்கினா தெரியாது. தெரியாத பக்கம்தான் நாம போகணும். பொறுப்பு என்னோடது."

ஃபாரிஸ் அதற்குள் எழுந்து வந்திருந்தார். "நீங்க போங்க. நான் திரைக்கு முன்னுக்கு இருக்கிறேன். கீழ இருந்து ஏதும் வந்தா த்ரீவீலர் ஒண்டு புடிச்சுக்கொண்டு நானே போறேன்" என்றார். சண்டைக்காரர்தான், ஆனால் அந்த மாதிரி ஓர் ஆள் பக்கத்தில் இருந்தால் போதும், மலையையும் நகர்த்தலாம்.

மேல் டிவிசனுக்கு ஏறும் பாதை உங்களில் சிலருக்குத் தெரியும், போயிருக்கிறீர்கள். மழையில் அது பாதையில்லை, ஓடை. தினேஷ் முன் சீட்டில் உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தான். சந்தியில் நிறைந்திருந்த சிக்னல் குறைந்து, பாறை வளைவைத் தாண்டியதும் அறவே இல்லாமல் போனது. கலாவுக்கு ஒன்றும் ஆகியிருக்கக் கூடாது, என் சந்தேகம் பிழையாகப் போகட்டும், எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரிக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

லயத்து வாசலில் ராஜு நின்றிருந்தான். பக்கத்தில் ஆஸ்பத்திரிக்குக் கட்டிய பை. உள்ளே பாயில் கலா சுவரில் சாய்ந்திருந்தாள். உதடு வெளுத்திருந்தது. அவளைச் சுற்றியிருந்த பெண்களில் ஒருத்தி என்னைக் கண்டதும் பொரிந்து தள்ளிவிட்டாள்.

"எம்புட்டு நேரமா சொல்றோங்க, கம்பளியில கட்டித் தூக்கிட்டுப் போயிருவோம்னு. ஆம்பளைங்க நாலு பேரு ரெடியா நிக்கிறாங்க. இந்த மனுசன் விட்டாத்தானே. துண்டு வந்துருச்சு, வேன் வரும், குறுக்குப் பாதையில தூக்கிட்டுப் போனா வேன விட்டுருவோம்கிறாரு."

ராஜுவுக்குக் கோபம் வரவில்லை. அவன் முகம் மலர்ந்துபோயிருந்தது. போனைத் தூக்கி அந்தப் பெண்ணிடம் காட்டினான். மஞ்சள் துண்டு, பச்சை முத்திரை.

"இப்ப என்னா சொல்றீங்க? வந்துருச்சுல்ல? எம் மச்சான் செஞ்சது பொய்க்குமா?"

தினேஷ் குனிந்து தங்கச்சியைத் தூக்கினான்.

அவளைப் பின் சீட்டில் படுக்க வைத்து, தலையை நான் மடியில் வைத்துக்கொண்டேன். ராஜு காலடியில் உட்கார்ந்தான். அவள் சீலையில் இரத்தம் இருந்தது. என் கையை அவள் பிடித்த பிடி இன்னும் என் விரல்களில் இருக்கிறது. சுனில் அண்ணன் வேகத்தையும் விடாமல், குலுக்கலும் இல்லாமல் இறக்கினார். பாறை வளைவு வந்தது.

வளைவைத் திரும்பியதும் சுனில் அண்ணனின் போன் அலறியது. அதே நொடியில் தினேஷின் போனும் அலறியது. புதிய கோரிக்கை வந்தால் அடிக்கும் சத்தம். சுனில் அண்ணன் பிரேக்கில் காலை வைத்துவிட்டார்.

"மிஸ், மேல் டிவிசன்ல இன்னொரு கேஸ். திரும்பணுமா?"

யாரென்று பார்க்கச் சொல்லித் தினேஷைக் கேட்டேன். அவன் பார்த்தான்.

"கலா" என்றான். "கலாவோட கோரிக்கைதான். இப்பத்தான் வருது."

ராஜு தன் சட்டைப் பையில் இருந்து போனை எடுத்தான். அதே துண்டு, அதே முத்திரை. அதில் ஓர் எழுத்தும் மாறவில்லை. அதைப் பார்த்தான், பிறகு தினேஷின் முதுகைப் பார்த்தான்.

"அப்ப நான் அமுக்கினது இப்பத்தான் போகுதா மச்சான்?"

"ஆமா மாப்பிள்ள."

"பொறகு எப்பிடி வந்தீங்க?"

"மிஸ்தான் சந்தேகப்பட்டுக் கூட்டிட்டு வந்தாங்க."

"அப்ப முந்தியே துண்டு குடுத்துச்சே இந்தப் போனு?"

தினேஷ் திரும்பினான். எங்கள் மூவரையும் நேராகப் பார்த்தான். "போன் குடுக்கல மாப்பிள்ள. நான் குடுத்தேன். போகாததப் போயிருச்சுன்னு எழுதி வச்சது நான்தான்."

அவன் பேசாமல் இருந்திருக்கலாம். லயம் முழுக்க அந்த வேனைப் பொத்தான் அழைத்து வந்ததாகவே நம்பியிருக்கும், அவன் பேருக்கு ஒரு குறையும் வந்திருக்காது. அந்த ஒரு பதிலுக்காக அவன் மேல் எனக்கு வந்த மரியாதை இன்றுவரை குறையவில்லை. கலாதான் பல்லைக் கடித்துக்கொண்டு பேசினாள்.

"பஞ்சாயத்த பொறகு வச்சுக்கங்க. சுனில் அண்ணன வண்டிய எடுக்கச் சொல்லுங்க."

வேன் நகர்ந்தது. ஆஸ்பத்திரியில் அவளை உள்ளே கொண்டுபோனார்கள். இரத்தம் ஏற்றினார்கள். இருட்டுவதற்கு முன்பே பெண் பிள்ளை பிறந்து, தாயும் பிள்ளையும் நலம் என்று வந்து சொன்னார்கள். இன்னும் தாமதித்திருந்தால் தாயைப் பற்றி உறுதி சொல்லியிருக்க முடியாது என்றும் டொக்டர் சொன்னார். நான் வெளியே வந்து மழையில் நின்று அழுதேன். தினேஷ் அழவில்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

மறுநாள் ஒபிஸில் ஃபாரிஸ் வாய் திறக்கவில்லை. நான் சொன்னபடி வெறும் ஜாவாஸ்கிரிப்டில் எழுதியிருந்தால் இப்படி ஆகியிருக்காது என்று குத்திக் காட்டுவார் என எதிர்பார்த்துப் பதிலையும் தயாராக வைத்திருந்தேன். அவர் அந்தக் கீறல் விழுந்த போனை எடுத்து, சிக்னலை அணைத்து, தான் முன்பு செய்து நாங்கள் ஒதுக்கிவிட்ட மாதிரியைத் திறந்து பொத்தானை அமுக்கினார். 'அனுப்பப்பட்டது. நன்றி' என்று வந்தது. தினேஷின் ரியாக்ட் மாதிரியிலும் அமுக்கினார். அதிலும் பச்சைச் சரி அடையாளம். போனை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு, எங்கள் மூவருக்கும் தேநீர் ஊற்றினார்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். எதில் எழுதினாலும் அன்று கலா அந்தப் பாயில்தான் கிடந்திருப்பாள். ஆகவே உங்கள் கை பழகிய எதையாவது எடுங்கள். மலிவான பழைய போனில் திறந்து பாருங்கள். நீங்கள் லீவில் போனால் பக்கத்து மேசைக்காரருக்கு அது விளங்குமா என்று பாருங்கள். எழுதுகிற பிள்ளைக்கு அதனால் நாளைக்கு ஒரு வழி உண்டா என்றும் பாருங்கள். அதற்கு ஒரு வாரத்துக்கு மேல் சண்டை போடாதீர்கள். மிச்சச் சண்டையை, சிக்னல் இல்லாத நேரத்தில் திரை என்ன சொல்ல வேண்டும் என்பதற்காகப் போடுங்கள். சிக்னல் இல்லாமலே திறக்கிற பக்கம் என்பது பெரிய வசதிதான். அந்த வசதிக்குள்தான் பொய்யும் ஒளிந்திருக்கிறது.

தினேஷ் அன்று துண்டைச் செயலியில் இருந்து எடுத்துவிடவில்லை. சாரதியின் போனில் இருந்து பதில் வந்தால் மட்டும் முத்திரை விழும்படி மாற்றினான். வராதவரைக்கும் என்ன எழுதுவது என்பதில் மாட்டிக்கொண்டான். 'இணைப்புக்காகக் காத்திருக்கிறது' என்று எழுதினான், அழித்தான். 'உங்கள் கோரிக்கை வரிசையில் உள்ளது' என்று எழுதினான், அதையும் அழித்தான். நாங்களும் எதையெதையோ சொன்னோம். ஒன்றும் அவனுக்குப் பிடிக்கவில்லை. எழுந்து ஆஸ்பத்திரிக்கு நடந்தான். எனக்கும் பிள்ளையைப் பார்க்க வேண்டியிருந்ததால் கூடவே போனேன்.

ராஜு வார்டுக்கு வெளியே வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தான். பிள்ளை அவன் கையில் இருந்தது. தினேஷ் பக்கத்தில் உட்கார்ந்து போனை நீட்டினான்.

"மாப்பிள்ள, சிக்னல் இல்லாத நேரம் நீங்க பொத்தான அமுக்குறீங்க. இந்த எடத்துல என்னா எழுதியிருக்கணும்?"

ராஜு திரையைப் பார்க்கவே இல்லை. பிள்ளையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"போகலன்னு போடு மச்சான். போகலன்னு தெரிஞ்சிருந்தா நான் இவுங்கம்மாவத் தூக்கிட்டு ஓடியிருப்பேன்."